லெ த்ரெபோரில் மதிய உணவு

மூன்று கடை வாசலில் விலை படித்து
நான்காவதில் உட்கார்ந்தோம்.
பதினேழு வருஷம் பாரிஸில்
ஊரார் தின்ற தட்டைக் கழுவிய குகநேசருக்கு
நாற்காலியில் முதுகு சாயவில்லை.

கறுப்புச் சட்டி நிறையச் சிப்பி.
பக்கத்து மேசைச் சிறுமி செய்வதைப் பார்த்து
வெற்றோட்டை இடுக்கியாக்கி
அடுத்ததன் சதையைப் பிடுங்கினேன்.
விரலிடுக்கில் வெண்ணெய், பூண்டு.
உருளைப் பொரியலில் பாதி
கடற்காகத்தோடு போயிற்று.

அவரோ தின்னத் தின்ன
ஓட்டுக்குள் ஓட்டைச் செருகி அடுக்கினார்;
தட்டின்மேல் தட்டு,
மேலே கரண்டிகள், ஒரே திசையில்.
எழுந்து தூக்கவும் போனார்.
"உட்காருங்கள் முசியே, இது என் வேலை."
பறித்துக்கொண்டு போனாள் பரிமாறுகிறவள்.

கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கடலைப் பார்த்தார்.

இனிப்புப் பட்டியலோடு அவள் திரும்பி வந்தபோது
"ஆளுக்கொன்றா?" என்றேன்.
"ஒன்று போதும். ஒரே தட்டு"
என்றார்,
சமையலறைக் கதவைப் பார்த்தபடி.