காணி அட்டவணை

புதுக்கடையில் பழசாகாதது ஒன்றும் இல்லை,
நொத்தாரிசின் மின்விசிறி உட்பட.
கோட்டைக்கு மதில் போய் நூற்றைம்பது வருசம்,
கறுவாத்தோட்டத்தில் ஒரு கறுவாப்பட்டை கிடையாது.
இந்த ஊர் இடித்ததன் பெயரை வைத்துக்கொள்ளும்.
எரித்ததன் பெயரைத்தான் மாற்றும்.

நான் தட்டச்சு செய்வது காணி உறுதிகள்.
இன்றைக்கு வெள்ளவத்தை, பதினொன்று தசம் நாலு பேர்ச்.
"முன்னர் தேவகிருபை என்றும்,
தற்போது ஓஷன் கிரெஸ்ட் என்றும் அழைக்கப்படும்..."
கிழக்கெல்லை: பலாமரம்.
ஒழுங்கைக்கும் இப்போது வேறு பெயர்.

கையெழுத்துக்கு வந்தவர் சொன்னார்:
"பலா எரிஞ்சு போச்சே, எண்பத்து மூண்டிலை.
அம்மா தையல் மெஷினை இழுத்துவந்து
அதுக்குக் கீழைதான் விட்டவ."
எல்லைமரம் உறுதியில் எரியாது ஐயா, என்றேன்.
சொன்ன பிறகு வாய் கசந்தது.

கடவுச்சீட்டில் ரூடி நாதன்.
பழைய உறுதியில் உருத்திரநாதன், வயது ஏழு.
அவரையும் அப்படித்தான் எழுதவேண்டியிருந்தது,
முன்னர் இன்னார் என அழைக்கப்பட்ட.

முன்னருக்கும் தற்போதுக்கும் நடுவில்
சட்டம் ஒரு காற்புள்ளி தருகிறது.
அதற்குப் பக்கத்தில் ஓரங்குலம்
தட்டாமல் விட்டேன். ஒருவரும் கேட்கவில்லை.
அவர் கண்டார், விரலை அதில் வைத்து
எடுத்துக்கொண்டார்.

நொத்தாரிசும் கண்டார்.
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு
சிவப்புப் பேனையால் அந்த இடத்தில் கோடு இழுத்து
ஓரத்தில் குறுங்கையொப்பம் வைத்தார்.
"வெற்றிடம் விடாதையும் தங்கச்சி,
பிறகு ஆராவது ஏதும் எழுதிப்போடுவினம்."