கால நீட்டிப்புக்கான காரணம்

ஏழு கார், ஏழு பிசானம்
அறுத்துப் போய்விட்டார்கள் பாளையங்கால்வாய்க் கரையில்.
என் ஆய்வேடு இன்னும் பால் பிடிக்கவில்லை.
முந்நூற்றுத் தொண்ணூறு பக்கம்,
அடிக்குறிப்பு அறுநூற்றுப் பன்னிரண்டு.
ஆற்றுப்பாலத்தில் எதிர்ப்பட்ட சித்தப்பா கேட்டார்,
"ஏழு வருசமா ஒரே பரீட்சையா எழுதுத?"

கொக்கிரகுளத்துப் பதிவறையில்
பசலி ஆயிரத்து இருநூற்று எண்பத்தேழு,
தாது வருஷப் பஞ்சத்துக்கு மறு வருஷக் கட்டு.
ராமபாணம் தின்றது போக
மிஞ்சிய ஒன்றரைத் தாள்.
மாடக்கண்ணு பெண்சாதி முப்பிடாதி
ராத்திரியில் மடைப்பலகையைத் தூக்கியதற்கு
அபராதம் ரூபாய் மூன்று.
கீழே ஒரு கீறல்:
மேற்படியாள் தற்குறி.

மூன்று ரூபாய் அன்றைக்கு
எத்தனை மரக்கால் நெல் என்று
ஒரு வாரம் கணக்குப் போட்டேன்.
பிறகு அதன்மேல் நாற்பது பக்கம் கட்டினேன்.
நாலாம் அத்தியாயம்: நீரும் எதிர்ப்பும்.
இருட்டில் அவளை நடக்கவிட்டேன்,
வரப்பு வழுக்காமல் பார்த்துக்கொண்டேன்,
பலகை கனத்தபோது
பின்னால் நின்று நானும் ஒரு கை பிடித்தேன்.
நெறியாளர் ஞானதிரவியம் சார்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்,
"இதுதாம்மா உன் தீசிஸோட முதுகெலும்பு."
கருத்தரங்கில் கைதட்டினார்கள்.
முறுக்கும் டீயும் தந்தார்கள்.

போன செவ்வாய்க்கிழமை
வேறெதையோ தேடி வேறொரு கட்டில்
பூஞ்சை பிடித்த அவள் மனு.
எழுத்து யாருடையதோ. கீறல் அதே கீறல்.
"அடியாள் பலகையைத் தொட்டவளல்ல.
அன்றைக்கு என் பிள்ளைக்குக் காய்ச்சல்.
நண்டு துளைத்த வளையில் தண்ணீர் தானாய் வந்தது.
வந்த தண்ணீரைப் போ என்று நான் சொல்லவில்லை,
அதுமட்டும் என் பேரில் பிசகு."
ஓரத்தில் சிவப்பு மசி: தள்ளுபடி.

அவள் பயந்து பொய் சொல்லியிருக்கலாம்.
மனு எழுதியவன் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.
இப்படி இருக்கலாம் இருக்கலாம் என்றே
முனைவர் ஆனவர்களை எனக்குத் தெரியும்.
ஆனால் அன்றிரவு அறைக்கு வந்து
அத்தியாயத்தைத் திறந்தால்
பக்கத்துக்குப் பக்கம்
அவள் பலகையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறாள்.
இறக்கி வைக்கவும் நான் விடவில்லை.
தாசில்தார் குற்றம் என்று எழுதினார்,
நான் வீரம் என்று எழுதினேன்.
காய்ச்சல் கண்ட பிள்ளை
இரண்டு பேர் கணக்கிலும் இல்லை.

"ஒரு அடிக்குறிப்புல போட்டுட்டு மேல போம்மா"
என்றார் சார்.
அவருக்கு மே மாதம் ஓய்வு.

பேட்டை வழியாகப் பல்கலைக்கழகம் போகும் பஸ்ஸில்
முழங்காலில் வைத்து விண்ணப்பத்தை நிரப்பினேன்.
கால நீட்டிப்பு: ஆறு மாதம்.
காரணம் என்ற கட்டத்தில்
பஸ் நின்ற ஒரு நிறுத்தத்தில் எழுதியது:
"ஒருத்தி இல்லையென்று சொல்லியிருக்கிறாள்."

பிரிவு எழுத்தர் குற்றாலிங்கம்
இரண்டு தடவை வாசித்தார்.
"இதை மேல வச்சா என்னைத்தான் ஏசுவாங்க.
உடல்நலக் குறைவுன்னு போடுங்க தாயி,
எல்லாரும் அதைத்தான் போடுதாங்க."
அடித்துவிட்டு அப்படியே எழுதினேன்.
அடித்தலுக்குப் பக்கத்தில்
ஒரு சுருக்கொப்பமும் கேட்டார், போட்டேன்.
முத்திரை குத்தி
அதை ஒரு கட்டுக்குள் செருகி
வெள்ளை நாடாவால் இறுக்கினார்.

நூற்றைம்பது வருஷம் கழித்து
அந்த நாடாவை அவிழ்க்கப்போகிறவளே,
எனக்குக் காய்ச்சல்கூட இல்லை.