நாலு ஆங்ஸ்ட்ராம்

"கேன்ல என்னங்க்கா, கள்ளா?"
என்றார் நடத்துனர், அவிநாசி தாண்டியதும்.
மூடியைத் திறந்து காட்டினேன்.
சிவப்பு. இன்னும் சூடு ஆறவில்லை.
மங்கலத்துச் சாயப்பட்டறையில்
நாச்சிமுத்து அண்ணன் பிடித்துக் கொடுத்த கழிவு.
மூக்கைச் சுளித்துக்கொண்டு
சுமைக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

பீளமேட்டில், மூன்றாம் மாடியில்,
என் நொதி ஒரு கோப்பாகக் கிடக்கிறது.
சாயம் தின்னும் நொதி.
முந்நூற்று நாற்பத்தொரு எச்சங்கள்,
அணுவுக்கு மூன்று எண்கள்,
மேலிருந்து கீழே எண்களாகவே கொட்டும் மழை.

எச்சம்.
இலக்கண வகுப்பில் அது முடியாத வினை.
என் ஸ்கூட்டர் சீட்டில் அது காக்கை.
இங்கே
தன் தண்ணீரை விட்டுக்கொடுத்துச்
சங்கிலியில் சேர்ந்தபின்
மிஞ்சி நிற்கும் அமினோ அமிலம்.

எது தொடுகை?
யாராவது கோடு போட்டாக வேண்டும்.
நான் நாலு ஆங்ஸ்ட்ராம் என்று போட்டேன்.
மூன்று புள்ளி ஒன்பதில் நின்றால் சொந்தம்.
நாலு புள்ளி ஒன்றில் நின்றால்
யாரோ எவரோ.

அடுத்தடுத்த எண்களை முதலில் தள்ளினேன்.
ஐம்பதும் ஐம்பத்தொன்றும் தொடுவதில் சேதியில்லை,
கட்டிப்போட்டால் தொட்டுத்தானே ஆகவேண்டும்.
திரைச் சதுரத்தின் மூலைவிட்டம்
களை எடுத்த வரப்பாய் வெளுத்தது.
அதைவிட்டு ஒதுங்கித் தனியே ஒரு கரும்புள்ளி:
இருபத்தேழு, இருநூற்றுத் தொண்ணூறு.
சங்கிலியில் அந்தக் கோடியும் இந்தக் கோடியும்,
மடிப்பில் கன்னத்தோடு கன்னம்.

ஆர்ஜினினின் நேர்மின் கை,
குளுட்டமேட்டின் எதிர்மின் கை.
உப்புப் பாலம் என்று பேர்.
"இதுதான் முளைக்குச்சி, பிடுங்கிராதே"
என்றார் மரகதமணி மேடம்.
ஆறு மாதம் அந்தப் புள்ளியைப்
பெருமையாக எல்லோருக்கும் காட்டினேன்.

குழாய்த் தண்ணீரில் கரைத்த சாயம்
இருபது நிமிடத்தில் வெளுத்தது.
கேன் தண்ணீர் சிவப்பாகவே இருந்தது.
மறுநாளும் சிவப்பு.
ஃபோன் போட்டேன்.
"அண்ணா, இதுல என்ன போடுவீங்க?"
"உப்புதானுங் அம்மிணி. லிட்டருக்கு அறுவது கிராம்.
உப்பில்லாமச் சாயம் துணியில ஏறாதுங்களே.
வாசல்ல மூட்டை மூட்டையா அடுக்கியிருந்தமே,
பாக்கலீங்களா?"

பார்த்தேன். மூட்டைமேல் சாய்ந்து நின்றுதான்
கேனை வாங்கினேன்.

கணினிப் பெட்டிக்குள் அதுவரை
சுத்தத் தண்ணீர் மட்டுமே நிரப்பியிருந்தேன்.
சோடியமும் குளோரைடும் தூவினேன்.
நாலு ராத்திரி ஓடியது,
நடுவில் ஒருமுறை கரண்ட் போய், முதலிலிருந்து.
பத்தாயிரம் சட்டகங்கள்.
சுத்த நீரில் அந்தப் பாலம் ஒன்பதாயிரத்து நூறில் நின்றது.
உப்பு நீரில் ஆயிரத்து நாற்பதில்.
சோடியம் ஒன்று வந்து
குளுட்டமேட்டின் பக்கத்தில்
துண்டு போட்டு இடம் பிடித்துக்கொள்கிறது.
ஆர்ஜினின் நீட்டிய கை
தண்ணீரில் துழாவுகிறது.

உப்பில் கரைந்துபோன உப்புப் பாலம்.
இரவு இரண்டு மணிக்குத் தனியாகச் சிரித்தேன்.
வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தார்.

பட்டியலைத் திருப்பி அடுக்கினேன்,
உப்பிலும் விடாமல் தொட்டவை எவை என்று.
உள்ளே இருப்பவை.
லூசின், ஐசோலூசின், வேலின்.
மின்னேற்றமில்லை, பாலமென்ற பேரில்லை,
படத்தில் புள்ளிக்கோடு இழுத்துக் காட்ட ஒன்றுமில்லை.
தண்ணீர் பிடிக்காது, அவ்வளவுதான் குணம்.
வெளியே உப்பு ஏற ஏற
உள்ளே இன்னும் ஒண்டிக்கொள்கின்றன.
நூற்றுப் பன்னிரண்டும் இருநூற்று மூன்றும்
படிகத்தில் நாலு புள்ளி ஒன்று.
என் கோட்டுக்கு வெளியே
நான் தள்ளிவிட்ட ஜோடி.
உப்பில் மூன்று புள்ளி எட்டு.

மேடம் வெகுநேரம் பார்த்துவிட்டு,
"சரி, முளைக்குச்சியைப் பிடுங்கிப் பார்" என்றார்.
இருபத்தேழில் இனி லூசின்.
வேலை செய்யுமா என்று தெரியாது.
ஆர்டர் போட்டிருக்கிறேன், பத்து நாள் ஆகும்.

மறுபடி ஃபோன் போட்டேன், இன்னும் தண்ணீர் வேண்டும்.
"எத்தனை வேணாலும் புடிச்சுக்கங்க அம்மிணி,
அதுக்கென்ன பஞ்சம்.
அந்தக் கேனை மட்டும் கொண்டாந்துருங்க,
முதலாளி ஊட்டுதுங்க அது."