மைனஸ் ஐம்பத்தேழு

பதினேழு கொண்டை ஊசி வளைவுக்கும்
டிஷ்ஷை மடியிலேயே வைத்திருந்தேன்.
ஜீப்பில் ஒட்டி உட்கார்ந்திருந்த பெண்
"வடைச்சட்டியா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
அவள் பெயர் மறுநாள்தான் தெரிந்தது.

செக்போஸ்ட்டில் பையைக் கிளறினார்கள்:
கேபிள், கிரிம்பர், சிவப்பு டேப், பாதிப் பொட்டலம் மிக்சர்.
போனில் கேரளம் நல்வரவு சொன்னது.
நாற்பதடி தள்ளி நின்றேன், தமிழ்நாடு வரவேற்றது.
இரண்டு அரசும் என்மேல்
இவ்வளவு அன்பாக இருந்ததில்லை.

ஏலக்காய் ஸ்டோரின் தகரக் கூரைமேல்
இருபதடி ஜி.ஐ. பைப், மூன்று ஸ்டே கம்பி.
பறவைக் கணக்கில் பதிமூன்று கிலோமீட்டர் கீழே
போடியில் ஒரு லாட்ஜின் தண்ணீர்த்தொட்டிமேல்
ஜெய்லானி.
ஊர் தெரிகிறது,
யாரோ சுண்ணாம்பைச் சிந்திவிட்டுத்
துடைக்காமல் போனதுபோல.
அதில் எந்தப் பொட்டு அவன்?

மேனேஜர் குரியாக்கோஸ் குடையோடு வந்தார்.
"மஞ்ஞு வந்தா லைன் போகுமோ?"
"மஞ்சு ஒண்ணும் செய்யாது சார். மரம்தான்."
அவர் சில்வர் ஓக்கைப் பார்த்தார்.
அதில் ஏறியிருந்த மிளகைப் பார்த்தார்.
பைப்பை ஆறடி உயர்த்தினோம்.

இரண்டரை மணிக்கு ஜெய்லானி கூப்பிட்டான்.
"சலூன்ல கண்ணாடி வாங்கிட்டு வந்திருக்கேன், பாரு."
சுண்ணாம்புக்குள் ஒரு பொறி.
அணைந்தது. எரிந்தது.
பஞ்சாலைக் கூரையருகே என்று நான் நினைத்திருந்தவன்
ஒரு விரற்கடை தெற்கே இருந்தான்.

அப்புறம் ஸ்பேனர்.
ஒருவன் அசையும்போது மற்றவன் அசையக்கூடாது,
எங்களுக்குள் இருக்கும் ஒரே சட்டம்.
எண்பத்தொன்று. எழுபத்தொன்பது. எழுபத்து நாலு.
எல்லாம் மைனஸ்.
கடன் குறையக் குறைய முகம் மலரும் தொழில் இது.
எழுபத்து நாலில் நின்றுவிட்டது.
இப்படித் திருப்பினாலும் கெட்டது, அப்படித் திருப்பினாலும்.
"போதும்ப்பா, முடுக்கிரு."
அவனுக்குப் பசி.
எனக்கும்தான்.

கணக்குப்படி ஐம்பத்தெட்டு வரவேண்டும்.
டிஷ் வாயால் மட்டும் பேசுவதில்லை,
காதோரமும் கொஞ்சம் கசியும்.
நாங்கள் கசிவைப் பிடித்துக்கொண்டு
குரல் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.
நட்டைத் தளர்த்தினேன்.
எண்பத்தாறு. தொண்ணூறு.
ஒன்றுமில்லை.
"என்னப்பா பண்ற? போச்சு!"
இன்னும் ஒரு நெல்லளவு.
எழுபது.
அறுபத்து மூன்று.
ஐம்பத்தேழு.
இருவருமே பேசவில்லை.
அப்புறம் அவன் பரோட்டாவுக்குப் போனான்.

இரவு முழுக்க பிங் ஓடியது.
காய் உலரும் சூட்டில் லேப்டாப்பும் நானும்.
நள்ளிரவில் மஞ்சு ஏறி வந்து போடியை அழித்தது,
சில்வர் ஓக்கை, பைப்பை,
நீட்டிய என் கையை.
திரையில் மட்டும்
இரண்டு மில்லிசெகண்ட், இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு.
இழப்பு பூஜ்யம்.

ஏழுக்கு முன்பே ஜீப்புகள் வந்தன.
இத்தனையும் எதற்கென்றால்
சுவரில் மாட்டிய கைரேகைப் பெட்டிக்கு.
கூலிக் கணக்கு இனி போடி ஆபீஸில்.
ஜீப்பில் வடைச்சட்டி கேட்டவள் முதலில் வந்து
கட்டைவிரலை வைத்தாள்.
மீண்டும் முயற்சிக்கவும்.
ஆள்காட்டி விரல்.
மீண்டும் முயற்சிக்கவும்.
பதினோரு வருஷம் காய் எடுத்த கை.
கறை ஏறியிருந்தது, ரேகை இறங்கியிருந்தது.

குரியாக்கோஸ் என்னைப் பார்த்தார்.
"லைன் செரியில்லே?"
"லைன் சரி சார்."
பதிமூன்று கிலோமீட்டரில் சொட்டுச் சிந்தவில்லை.
கண்ணாடிக்கும் விரலுக்கும் நடுவே
என் மீட்டரில் எண் கிடையாது.

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.
பத்து விரலையும் விரித்துப் பார்த்தாள்,
காய் எடுக்க உதவாத ஒன்றைத் தேடுகிறவள்போல.
இடது சுண்டுவிரல்.
பச்சை விளக்கு.

போன் அடித்தது.
"செல்லக்கிளி, ஆறு அம்பத்தெட்டு,"
வாயில் இட்லியோடு வாசித்தான் ஜெய்லானி.
"வடைச்சட்டி பேசுதே," என்று
கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அடுத்தவள் கட்டைவிரலை வைத்தாள்.
மீண்டும் முயற்சிக்கவும்.