காற்றடித்தால் அணையும் திரை

"காற்றடித்தால் இது செத்துப்போகிறது" என்று
கம்பளிச் சட்டைக்குள்ளிருந்து மடிக்கணினியை எடுத்து வைத்தார்
எவுசேபியோ பார்ரியா.
நான் சிரித்துவிட்டேன்.
பூந்தா அரேனாஸில் எல்லாப் பழியும் காற்றின் மேல்தான்:
பிந்திய படகு, புளித்த பால்,
பிரிந்துபோன மருமகன்.

பதினாலு வயது இயந்திரம்.
கீல் ஒன்றை வலைநூலால் கட்டியிருந்தார்கள்.
உள்ளே லினக்ஸ்,
மீனவர் சங்கத்தின் நண்டு ஒதுக்கீட்டுக் கணக்கு,
அதை விட்டால் கால்பந்து.

மூன்று நாள் என் கடையில் கிடந்தது.
மூன்று நாளும் ஒரு குறையுமில்லை.
ஆறு காணொளிகளை ஒன்றாக ஓட்டினேன்,
கனசதுரங்களைச் சுழலவிட்டேன்,
விசிறி இரைந்தது, விரல் சுட்டது,
திரை மட்டும் நல்லபிள்ளையாக விழித்திருந்தது
வைத்தியர் வாசலில் நின்றுபோன பல்வலி மாதிரி.

சும்மா திருப்பித் தர மனமில்லை.
கெர்னலை ஒரு படி பின்னுக்கு இழுத்தேன், பிறகு முன்னுக்கு.
நோமோட்செட் போட்டேன்: எழுத்தெல்லாம் வீங்கி வந்தது.
எடுத்துவிட்டேன்.
"சரியாகிவிட்டது" என்றேன்.
எது சரியானது என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை.

நான்காம் நாள் இரவு தொலைபேசி.
"டானிட்சா, வா. செத்துக் கிடக்கும்போதே பார்."

சங்கக் கட்டடம் துறைமுகத்தின் கடைசியில்.
அக்டோபர் காற்று.
தெருமுனையில் கட்டிய கயிற்றைப் பிடித்துத்தான் நடந்தேன்.
நீரிணையில் திரைமேல் திரை
வெள்ளையாய் உடைந்துகொண்டிருந்தது.
உள்ளே ஒரு திரை
பாதி நண்டுக் கணக்கும் பாதி பச்சைக் கோடுமாய்
உடையாமல் உறைந்து நின்றது.
சுட்டி மட்டும் உயிரோடு அலைந்தது,
ஆளில்லாத வீட்டில் பூனை போல.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று.
அசையவில்லை.
என் கணினியிலிருந்து கம்பி வழியே அதற்குள் நுழைந்து
பதிவேட்டைத் திறந்தேன்.

பதிவேடு என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.
இருபத்தாறு வருடம் படகின் எஞ்சின் அறையில்
மணிக்கொருமுறை எழுதிய கை.
அதன் ஆங்கிலம் அவருக்குத் தெரியாது.
நேரம் தெரியும்.

"இது என்ன, 21:47:03?"
சார்ஜர் போய் பேட்டரிக்கு மாறியிருக்கிறது. அது ஒன்றுமில்லை.
"இது, 21:47:13?"
ஜி.பி.யூ பத்து விநாடியாகப் பதில் சொல்லவில்லை.
"மேலே போ. நேற்று.
இன்னும் மேலே. திங்கள்."
நேற்றும் பேட்டரி, பத்து விநாடி, மரணம்.
திங்களும்.

தலைக்கு மேல் பல்பு ஒரு கண் சிமிட்டியது.
இருவரும் அதைப் பார்த்தோம்.

காற்று கம்பியை உலுக்க,
மின்சாரம் ஒரு நொடி போய் வர,
டிரைவர் பதறிச் சிக்கனத்துக்கு இறங்குகிறது;
கிழட்டுச் சில்லு அந்தப் படியில்
கால் தவறி விழுகிறது.
என் கடையில் ஒருமுறைகூட
நான் சார்ஜரைப் பிடுங்கவில்லை.

"பழைய எஞ்சினில் வேகம் மாற்றக்கூடாது" என்றார்
மாத்தேயை உறிஞ்சிக்கொண்டே.
"ஒரே வேகத்தில் கட்டிப்போடு. கரை சேரும்."

புள்ளியும் குறியும் சேர்த்துப் பன்னிரண்டு எழுத்து
துவக்க வரியின் வாலில்.
வேகமாற்றம், பூஜ்யம்.
மறுபடி கிளப்பினோம்.
சார்ஜரை அவரே பிடுங்கினார்.
எண்ணினோம், எட்டு, ஒன்பது, பத்து.
பதினொன்று.
இருபதுவரை எண்ணிவிட்டு
எதற்கு எண்ணுகிறோம் என்று மறந்துபோய் நிறுத்தினோம்.
பேட்டரி சீக்கிரம் தீரும் என்றேன்.
"எனக்கும்தான்" என்றார்.

ரசீதில் 'கோளாறின் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு.
டிரைவர் என்று தொடங்கி, அடித்துவிட்டு,
காற்று என்று எழுதினேன்.
கையெழுத்தும் போட்டேன்.

கூலிக்கு ஒரு நண்டு,
எந்தக் கணக்கிலும் ஏறாதது.
ஒரு கையில் அது, மறுகையில் கயிறு,
மேற்கிலிருந்து முகத்தில் அறைகிற
அந்தச் சாட்சியோடு
வீடுவரை நடந்தேன்.