கைம்மாறு

திறப்பு சீனிப் போத்தலுக்குள் கிடக்கும் என்றீர்கள்.
கிடந்தது.
என் வெள்ளவத்தை மாடித் திறப்பை நானோ
கீழே காவலாளியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருந்தேன்.
வாசலிலேயே கொஞ்சம் வெட்கமாய்ப் போயிற்று, கௌரிமலர்.

தவேந்திரனுக்குக் கொழும்பில் கண் ஒப்பரேசன்.
எனக்கு ஒட்டுசுட்டானில் காணி அளவை.
லொட்ஜுக்கு ஏன் காசைக் கொட்டுவான் என்று
இடையில் யாரோ கேட்கப்போய்,
முகம் பாராத நாங்கள்
பதினெட்டு நாளுக்கு வீட்டை மாற்றிக்கொண்டோம்.

போகும்போது எதை வைத்துவிட்டுப் போவது?
முதல் இரவே தொடங்கிவிட்டது இந்தக் கணக்கு.
காற்றாடி சுற்றச் சுற்ற
கேக், சேலை, பிளாஸ்க் என்று
ஒவ்வொன்றாய் வாங்கி ஒவ்வொன்றாய்த் திருப்பிக் கொடுத்தேன்.
விடிய, கண்ணாடி அலுமாரியைப் பார்த்தேன்:
குடிபூரலுக்கு வந்த சுவர் மணிக்கூடு ஐந்து,
பிரிக்காத கோப்பைப் பெட்டி மூன்று,
ஒரு வெண்கல மயில், கழுத்தில் விலைச்சீட்டோடு.
இன்னொரு நன்றிக்கு
அங்கே தட்டு இல்லை.

முட்டை இட்டால் எடுங்கோ என்று எழுதியிருந்தீர்கள்.
யானை வந்தால் எவருக்கு அடிப்பது,
எந்தக் குழாய்க்கு எந்தப் பக்கம் திருப்பு,
வீமன் மூன்று நாள் சோறு தின்னாது, பயப்படாதையுங்கோ.
நாலாம் நாள் தின்றது.
நீங்கள் சொன்ன எல்லாம் சொன்னபடியே நடந்தது.
சொல்லாதது ஒன்றுதான்:
முன் அறையில், நடுச்சுவரில்,
வெறும் ஆணி.

அகப்பட்டது இடம் என்று
புதுக்குடியிருப்புக்கு பஸ் ஏறினேன்.
சட்டம் போட்ட நீர்வீழ்ச்சி,
இரண்டாயிரத்து எண்ணூறு.
கதிரையில் ஏறிக் கையை நீட்டினால்
மூக்குக்கு நேரே புகைக்கோடு,
ஒரு விரல் அகலம், மேல்நோக்கி.
கீழே சிறு தட்டில் காய்ந்த நந்தியாவட்டை,
எரிந்த தீக்குச்சி இரண்டு.
ஆணிக்குக் கீழே ஒரு சதுரத்தில் மட்டும்
சுவரின் பச்சை மங்காமல் இருந்தது.

இறங்கினேன்.
கதிரையைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தேன்.

கடைக்காரர் பில்லைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்,
"காசு தரேலாது, சாமான் மாத்தலாம்."
மாத்தினேன்.
கிணற்றுக்குக் கயிறு, ஒரு வாளி,
மிச்சத்துக்கு ஊதுபத்தி.
எவருக்கு என்று தெரியாமல்
அதைத் தட்டில் வைத்தேன், நந்தியாவட்டைக்குப் பக்கத்தில்.

ஆனாலும் மனம் ஆறவில்லை.
கடைசி இரவு உங்கள் கேத்திலைப் பிடித்தேன்.
உள்ளே சுண்ணாம்பு, விரல் தடிப்பில்,
உங்கள் ஊர்த் தண்ணீர் படிந்து படிந்து.
தேசிக்காய் எட்டுப் பிழிந்து ஊறவைத்து
விடியக் கழுவினால் உள்ளே என் முகம் தெரிந்தது.
இது சரி என்று நினைத்தேன்.
அலுமாரி தேவைப்படாத பரிசு.

நம் பஸ்கள் மதவாச்சியிலோ எங்கேயோ
ஒன்றையொன்று கடந்திருக்கும்.

வெள்ளவத்தையில் என் கலண்டர் அதன் ஆணியிலேயே தொங்கியது,
சரியான தேதியோடு.
கிழித்த பதினெட்டுத் தாளும்
கிளிப் போட்டு மேசையில்.
பின்பக்கம் உங்கள் எழுத்து:

"தேங்காய் ரெண்டு உங்கடையிலை எடுத்தது, வாங்கி வைச்சாச்சு."
"பக்கத்து வீட்டுப் பிள்ளை ரியூசன் முடிஞ்சு அழுதுகொண்டு வந்தது. தேத்தண்ணி குடுத்தனான்."
"ரெயில் போகேக்கை உங்கடை யன்னல் பாடுது."
"இவருக்குக் கட்டு அவிழ்த்தாச்சு. முதல் கடலைப் பாத்தவர்."

நான் இல்லாத என் வீட்டை
நான் அறிந்ததே இல்லை.

முதல் நாள் தாளைக் கடைசியாகத்தான் படித்தேன்.
"உங்கடை கலண்டரைக் கழட்டி அலுமாரிக்கை வைச்சனான்.
குறை நினையாதையுங்கோ.
தம்பியைத் தனிய விட்டிட்டு வர ஏலாமப் போச்சு.
போகேக்கை திரும்பக் கொழுவிவிடுவம்."

அன்றிரவு நீங்களே எடுத்தீர்கள்.
கயிறு நல்ல கயிறு என்றீர்கள்.
ஊதுபத்தி பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
பிறகு, கொஞ்சம் தயங்கி:
"கேத்திலை என்ன செய்தனீங்கள்?
தேத்தண்ணி ஆரோ வீட்டுத் தேத்தண்ணி மாதிரிக் கிடக்கெண்டு
இவர் முறைப்பாடு."

"பரவாயில்லை," என்றீர்கள்,
"கொதிக்கக் கொதிக்கத் திரும்பப் படியும்."