லாபம், ரெண்டு, மூணு

பொறையாற்றில் எங்கள் பாடகர் குழுவுக்கு
பாஸ் குரல் மூன்று.
ஞானசிகாமணி, மின்வாரியம்: காற்றடித்தால் வரமாட்டார்.
அவர் மச்சான்: வந்தால் உண்டு.
அப்புறம் கலியமூர்த்தி,
நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை எண்ணுகிறவர்.
ஞாயிறு ஆராதனையில் பார்த்ததில்லை,
செவ்வாய்ப் பயிற்சிக்குத் தப்பியதில்லை.
தொண்டைக்குக் கீழ ஒரு குரல் கிடக்குதுங்க,
எங்க இறக்குறதுன்னு தெரியல
என்று வந்து நின்றவர்.

பதினெட்டுப் பக்கம். ஒரே சொல், ஆமென்.
யாரோ ஒரு ஜெர்மன்காரர்
அதை நாலு புரியாய்ப் பிரித்து
ஒன்றை ஒன்று துரத்தவிட்டிருக்கிறார்.
சோப்ரானோ வரியை ஊரே முணுமுணுக்கும்.
நான் ஆல்டோ.
வீட்டில் பாடிப் பார்த்தால்
யாரைத் திட்டுற என்கிறான் மகன்.

பாடுவதைவிடப் பாடாமலிருப்பது பெரும்பாடு.
பாஸுக்கு ஓரிடத்தில்
இருபத்தோரு கட்டம் மௌனம்.
கலியமூர்த்தி வாய்க்குள் எண்ணுவார்:
லாபம், ரெண்டு, மூணு.
ஒண்ணுன்னு ஆரம்பிங்க, என்பாள் பியூலா,
பென்சிலால் மேசையைத் தட்டி.
வராதுங்க, என்பார்.
நெல்லை எவனும் ஒண்ணுன்னு அளந்ததில்ல.

தை கடைசிச் சனிக்கிழமை.
பள்ளிக்கூட மண்டபம், நூற்றுப்பத்து நாற்காலி,
கடன் வாங்கிய கீபோர்டு,
காற்று.
ஞானசிகாமணி டிரான்ஸ்ஃபார்மரில் ஏறியிருந்தார்.
மச்சானைக் காணோம்.
பதினோராம் பக்கத்தில்
தகரக் கூரைமேல் முதல் துளி.
பிறகு எண்ண முடியாதபடி.

பின்னால் நாற்காலி நகர்ந்தது, முதலில் ஒன்று,
அப்புறம் வரிசை வரிசையாக.
யாரும் யாருக்கும் சொல்லவில்லை.
எண்ணூறு மூட்டை வானத்துக்குக் கீழே கிடக்கிறது,
நாலு நாளாய் லாரி இல்லை.
கலியமூர்த்தி கதவைப் பார்த்தார்,
பியூலாவைப் பார்த்தார்,
பதினாலு, என்று
என் காதில் ஒப்படைத்துவிட்டு
இறங்கிப் போனார்.

பதினஞ்சு, என்றேன்.
இருபத்தொன்று முடிந்ததும்
என் வரியை விட்டுவிட்டு
அவருடையதைப் பாடினேன்,
ஒரு ஸ்தாயி மேலே, கரடுமுரடாக.
சோப்ரானோக்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
துரத்தல் நிற்கவில்லை.

கடைசி ஆமெனை முப்பது பேர் கேட்டிருப்பார்கள்.
கைதட்டலுக்குக் காத்திருக்கவில்லை.
பட்டுப்புடவையை முட்டிவரை ஏற்றிச் செருகி
தார்ப்பாய் இழுத்தோம், டெனர்கள் உட்பட.
நனைந்ததைத் தனியே அடுக்கினார்கள்.
செல்போன் வெளிச்சத்தில் கலியமூர்த்தி
ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணினார்,
சத்தமாக,
லாபம், ரெண்டு, மூணு.

தார்ப்பாயின் மறுமுனையில் பியூலா,
பென்சில் கொண்டையில்.
அவள் திருத்தவில்லை.